மேச்சாத்துக்கு மூன்று வீடு

பிப்ரவரி 6, திங்கள்

‘ம’ தொகுதிக்கு நாள் குறித்துவிட்டார்கள். மார்ச் 31 அன்று அச்சகத்துக்குப் போகிறது. பதினொரு ஆண்டுகளாக அடுத்த மாதம் போவதாக இருந்த தொகுதி இப்போது உண்மையாகவே போகப்போகிறது என்றதும் அலுவலகத்தில் இழவு வீட்டு அமைதி.

என் மேசையில் மிச்சமிருப்பவை பத்தொன்பது சொற்கள். பதினெட்டின் கதி முடிவாகிவிட்டது. மீதி ஒன்று ‘மேச்சாத்து’. வைக்கோல் கூரை பற்றிய சொல். பழைய கூரையைப் பிரிக்காமல் அதன்மேலேயே புது வைக்கோல் போட்டு வேய்வது. திருத்துறைப்பூண்டிப் பக்கத்து வழக்கு. இதற்கு ஒரே ஒரு அட்டைதான் இருக்கிறது. எங்கள் வட்டார அகராதியின் விதி 14 இப்படிச் சொல்கிறது: ஒரு சொல்லை மூன்று தகவலாளிகளாவது சொல்லியிருக்க வேண்டும், மூவரும் மூன்று வீட்டுக்காரர்களாக இருக்க வேண்டும், ஒரே வீட்டில் வசிப்போர் எத்தனை பேரானாலும் ஒருவராகவே கொள்ளப்படுவர். இல்லாவிட்டால் அந்தச் சொல் ‘பின்னாய்வு’ என்று எழுதிய தகரப் பெட்டிக்குள் போகும். அந்தப் பெட்டியிலிருந்து எந்தச் சொல்லும் இதுவரை திரும்பி வந்ததில்லை.

விதியை எழுதியவன் நான். 2003-ல் ஒரு களப்பணியாளர் தன் மாமியார் ஒருவரை மட்டுமே வைத்து ‘க’ தொகுதிக்கு நானூறு சொற்கள் சேர்த்திருந்தது தெரியவந்தபோது எழுதினேன். ஒரே வீட்டில் இருப்பவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் சொல்லை வாங்கிக்கொள்வார்கள், எனவே அவர்கள் சாட்சி ஒரே சாட்சி என்று காரணமும் கொடுத்தேன். அப்போது எனக்கு நாற்பத்து நான்கு வயது. எல்லாவற்றுக்கும் காரணம் கொடுக்கும் வயது.

மேச்சாத்தின் ஒரே அட்டையில் உள்ளது: தகவலாளி தை.நா., பெண், வயது 46, ஆசிரியை, பிறந்த ஊர் ஆலத்திடல். தை.நா. என்றால் தையல்நாயகி. என் மனைவி.

மாலையில் எதிர்வீட்டு சுபேதார் விசாரித்தார். தையல் கண் சிகிச்சைக்காக மன்னார்குடியில் தங்கியிருக்கிறாள் என்று மறுபடியும் சொன்னேன்.

பிப்ரவரி 7, செவ்வாய்

பால் மிஞ்சிவிட்டது. உறை ஊற்றினேன்.

பிப்ரவரி 10, வெள்ளி

சுபேதார் மாணிக்கவாசகம் எல்லையில் இருபத்திரண்டு ஆண்டுகள் இருந்தவர். எதையும் தொடர்ந்து கண்காணிப்பவர். இன்று கேட்கிறார், ஜூன் மாதம் போனவருக்கு இன்னுமா கண் ஆறவில்லை என்று. ஜூனில் செய்தது வலது கண், இப்போது இடது கண் என்றேன். “அப்ப இது முடிஞ்சதும் வந்துருவாங்க” என்றார். ஆமாம் என்றேன். மனிதனுக்கு இரண்டே கண்கள் என்பது சில சமயங்களில் போதாமல் போகிறது.

அலுவலகத்தில் அட்டைகளைக் கணினியில் ஏற்றும் பிரிசில்லா, மேச்சாத்து அட்டையை எடுத்துக்கொண்டு வந்தாள். எங்கள் கணினிக்கும் எனக்கும் நடுவில் இருக்கும் ஒரே மொழிபெயர்ப்பாளர் அவள். எடுத்துக்காட்டு வாக்கியம் அவளுக்குப் புரியவில்லையாம். அட்டையில் இப்படி இருக்கிறது: ‘இது மேச்சாத்துதான், தெரிஞ்சுக்குங்க.’

“இதுல கூரை எங்க சார் இருக்கு?”

சூழல் பதிவாகவில்லை என்றேன்.

“பதிவு பண்ணது நீங்கதானே?”

பழைய அட்டை என்றேன். 19.11.2008 தேதியிட்டது. அன்று புதன்கிழமை. பகல் பதினொன்றரை.

பிப்ரவரி 14, செவ்வாய்

சொற்பிறப்புக் கூட்டம். தலைமைப் பதிப்பாசிரியர் முனைவர் அறவாழி, மேச்சாத்து என்பது ‘மேற்சாத்து’ என்பதன் திரிபு என்கிறார். சாமிக்குப் பட்டு சாத்துகிறோம், மாலை சாத்துகிறோம். அப்படிக் கூரைக்கு வைக்கோல் சாத்தினார்கள். ஆகவே வீட்டைக் கோயிலாகக் கண்ட ஒரு சமூகத்தின் சொல் இது என்று ஆரம்பித்து, தேநீர் வருவதற்குள் அந்தச் சமூகத்தின் வயதை இரண்டாயிரம் ஆண்டுகளுக்குக் கொண்டுபோய்விட்டார். வெளியிலிருந்து வரும் ஆலோசகருக்கு இது சம்மதமில்லை. கூரை வேய்வதைக் கிராமத்தார் ‘மேய்வது’ என்பார்கள். ‘மேய்ச்சு சாத்து’ என்பதே தேய்ந்து மேச்சாத்து ஆனது என்பது அவர் கட்சி. கோயில் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். தேநீர் ஆறிப்போகும் அளவுக்கு விவாதம் நடந்தது. முடிவில் இரண்டு கட்சியையும் அகராதியில் போடுவது என்று தீர்மானம். நாற்பது வரி.

சொல்லுக்கு வேர் நாற்பது வரி. பேசுவதற்கு ஆள் ஒன்று.

பிப்ரவரி 19, ஞாயிறு

ஆலத்திடல் போய் வந்தேன். தையலுடைய வீடு இருந்த இடத்தில் இப்போது உரக்கடை. வைக்கோல் கூரை ஒன்றுகூட இல்லை. எல்லாம் தளம் போட்ட வீடுகள். யாரும் அதற்காக வருத்தப்படவில்லை, நானும் படவில்லை. வைக்கோல் கூரைக்குக் கீழே மழைக்காலம் கழித்தவர்கள் அதைப் பற்றிக் கவிதை எழுதுவதில்லை.

களப்பணியில் முதல் பாடம், தேடும் சொல்லை நாம் வாய்விட்டுச் சொல்லக்கூடாது. பொருளைச் சொல்லி, பெயரை அவர்கள் வாயிலிருந்து வரவழைக்க வேண்டும். வரவழைத்தேன். “மேல போடுறது” என்றார்கள். “ரெண்டாம் போடு” என்றார் ஒருவர். நான்கு மணி நேரம் ஆனது. டீக்கடைக்காரர் என்மேல் இரக்கப்பட்டு, என்ன வார்த்தை என்று சொன்னால் தானும் கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். சோர்வில் சொல்லிவிட்டேன்.

“மேச்சாத்தா? ஆமா, அப்புடித்தான் சொல்லுவோம். ஊரே சொல்லும்.”

சந்தேகம் வந்து, பேருந்து வரும்வரை ஒரு சோதனை செய்தேன். ‘குப்பலாத்தி’ என்று ஒரு சொல்லை அங்கேயே உண்டாக்கி, அதுவும் இங்கே வழங்குமா என்றேன். வழங்கும், நேற்றுகூட யாரோ சொன்னார்கள் என்றார். என்ன பொருள் என்றேன்.

“நீங்க என்ன நெனச்சு கேக்குறீங்களோ அதான்.”

அட்டை எழுதவில்லை. ஆனால் இவ்வளவு இணக்கமான மனிதரை நான் சமீபத்தில் பார்க்கவில்லை.

பிப்ரவரி 20, திங்கள்

ஆசிரியர் சங்க மாத இதழ் தையல் பெயருக்கு முறையாக இந்த வீட்டுக்கு வரும். நான் அதை மன்னார்குடிக்குத் திருப்பி அனுப்புவேன். ஜனவரி இதழும் வரவில்லை, இந்த மாதமும் வரவில்லை. தபால்துறையின் அலட்சியம். புகார் எழுத வேண்டும்.

பிப்ரவரி 21, செவ்வாய்

புகார் எழுதவில்லை.

பிப்ரவரி 25, சனி

மோர்க்குழம்பு. மூன்றாம் நாள்.

பிப்ரவரி 28, செவ்வாய்

இரண்டாவது அட்டை கிடைத்துவிட்டது. கிடைத்த விதம் அகராதியின் முன்னுரைக்கு உகந்ததல்ல.

புறவழிச் சாலையில் புதிதாக ஒரு உணவு விடுதி கட்டுகிறார்கள். குளிரூட்டப்பட்ட குடிசைகள். உள்ளே மண்பானையில் பிரியாணி வரும், வெளியே வைக்கோல் கூரை இருக்கும். அங்கே கூரை வேய்ந்துகொண்டிருந்த ஒப்பந்தக்காரர் கலியமூர்த்தி. நாற்பது வயதிருக்கும். கையில் இரண்டு தொலைபேசி. இரண்டிலும் ஆள் காத்திருக்கிறார்கள். தொழில் நன்றாக நடக்கிறதா என்று கேட்டதற்கு, திருச்சி வரைக்கும் நாற்பத்தொரு குடிசை பாக்கி, மெஷின் அறுத்த வைக்கோல் நொறுங்கிப்போகிறது, கையறுப்பு வைக்கோல் கிடைப்பதுதான் கஷ்டம் என்றார்.

நான் வீடு வேய வந்தவன் போலப் பேசினேன். பத்து வருஷக் கூரை, என்ன செய்யலாம் என்றேன். ஒரு தொலைபேசியைப் பொத்திக்கொண்டு கேட்டார்:

“பிரிச்சு வேயணுமா, மேச்சாத்தா?”

இருபது ஆண்டுக் களப்பணியில் ஒரு சொல் இவ்வளவு சுத்தமாக வந்து விழுந்ததில்லை. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். என் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். மற்ற தொலைபேசியையும் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

“பிரிக்கிறது பெரிய வேலை சார். வீட்டுல ஆளு இருக்க முடியாது. மேச்சாத்துன்னா ஒரே நாளு. வெளிய நின்னு பாத்தா புதுக் கூரைதான். உள்ள படுத்துக்கிட்டு அண்ணாந்து பாக்குறவங்களுக்குத்தான் தெரியும், பழசு அப்புடியே இருக்குன்னு.”

எத்தனை முறை செய்யலாம்?

“ரெண்டு தடவ. மூணாவது போட்டா பாரம் தாங்காது, கைமரம் மடங்கிரும். மூணாவதுக்குப் பிரிச்சே ஆவணும்.”

அதையும் விளக்கத்தில் சேர்த்துக்கொண்டேன். பிறகு நான் யார் என்பதைச் சொன்னேன். கோபித்துக்கொள்ளவில்லை. அகராதியில் தன் தொலைபேசி எண்ணைப் போட முடியுமா என்று மட்டும் கேட்டார்.

தையல் 1994-ல் போனது பதினொரு நாள். 2008-ல் மூன்று மாதம். இது வேறு விஷயம். தேதிகள் மறந்துவிடக்கூடாது என்பதற்காக எழுதிவைக்கிறேன்.

மார்ச் 6, திங்கள்

மூன்றாம் தகவலாளி இல்லை. தையலின் சொந்தக்காரர்கள் நால்வருக்குத் தொலைபேசி செய்தேன். மூவருக்குச் சொல் தெரியாது. நான்காமவர் சொல்லைப் பற்றி நான் கேட்பதற்குள், “தையல் அக்கா சவுரியமா இருக்காங்க, போன வாரம்தான் போய்ப் பாத்தோம், வீடு நல்லா காத்தோட்டமா இருக்கு” என்று ஆரம்பித்தார். இணைப்பு சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

மார்ச் 13, திங்கள்

பின்னாய்வுப் பெட்டிக்கு அனுப்பும் சொற்களின் பட்டியலைத் தயாரித்தேன். மேச்சாத்தை அதில் எழுதிவிட்டு, பட்டியலை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். பிரிசில்லா வந்து பட்டியல் கேட்டாள். இன்னும் முடியவில்லை என்றேன். அவள் நகராமல் நின்றாள்.

“சார், நீங்க சொல்லுவீங்களா இந்த வார்த்தைய?”

எந்தச் சொல்லை என்றேன்.

“போன மாசம் டீ மிஷின் ரிப்பேர் பண்ணிட்டுப் போனப்ப சொன்னீங்களே. பழசக் கழுவாம மேலயே பெயிண்ட் அடிச்சிருக்கான், சரியான மேச்சாத்துன்னு. நான் அன்னைக்கே ஏதோ திட்டுன்னு நெனச்சேன்.”

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். மொட்டைமாடி ஓட்டின்மேல் புது ஓடு பதித்தபோது சொல்லியிருக்கிறேன். அறவாழியின் புதிய பதிப்புரையைப் படித்துவிட்டுச் சொல்லியிருக்கிறேன். எப்போதிருந்து சொல்கிறேன் என்று தெரியவில்லை. முப்பத்தைந்து ஆண்டு ஒரு வீட்டில் இருந்தால் எந்தச் சொல் யாருடையது என்று பிரிக்க முடியாது. அதற்காகத்தானே விதி 14.

மார்ச் 14, செவ்வாய்

அறவாழியிடம் கேட்டேன். அகராதிக்காரனே தகவலாளி ஆகலாமா? வேறொருவர் கேட்டுப் பதிவு செய்தால் ஆகலாம் என்றார். நான் பட்டுக்கோட்டைக்காரன், அந்த ஊர்க்காரன் இல்லையே என்றேன். “மாப்பிள்ளை வழக்கும் வழக்குதான் குஞ்சிதபாதம்” என்று சொல்லி, அந்தத் தலைப்பில் ஒரு கட்டுரை எழுதலாம் போலிருக்கிறது என்று தாள் எடுத்துக்கொண்டார்.

பிரிசில்லா என்னை எதிரில் உட்காரவைத்து அட்டை எழுதினாள். பெயர், குஞ்சிதபாதம். ஆண், 64. இந்தச் சொல்லை யாரிடம் கேட்டுக் கற்றீர்கள் என்பது ஒரு பத்தி. மனைவியிடம் என்றேன். கடைசியாக எப்போது கேட்டீர்கள் என்பது அடுத்த பத்தி. அந்தப் பத்தியையும் நான்தான் 2003-ல் சேர்த்தேன்.

2008 நவம்பர் என்றேன்.

மார்ச் 15, புதன்

கணினி ஏற்கவில்லை. முதல் அட்டைக்கும் மூன்றாம் அட்டைக்கும் ஒரே கதவு எண். இரண்டையும் சேர்த்து ஒருவர் என்று எண்ணி, ‘இரு தகவலாளிகள், போதாது’ என்று சிவப்பில் காட்டுகிறது.

“ஒரே வீடுன்னா ஒரே ஆளாம் சார்” என்றாள் பிரிசில்லா. “கம்ப்யூட்டருக்கு யாரு இப்புடிச் சொல்லிக் குடுத்தா?”

மார்ச் 16, வியாழன்

விதி 21: பத்தாண்டுக்கு மேற்பட்ட அட்டைகளில், தகவலாளி உயிருடன் இருந்தால், தற்போதைய முகவரியை அவரிடமே நேரில் கேட்டு, கையொப்பம் பெற்றுத் திருத்த வேண்டும்.

எனக்கு இது நேற்றே தெரியும்.

மார்ச் 19, ஞாயிறு

வீடு பெருக்கினேன். பரண் துடைத்தேன். தையலுடைய பிரம்பு நாற்காலியில் ஒரு கால் ஆடுகிறது, ஆணி அடித்தேன். முகவரி என்றால் என்ன என்று எங்கள் அகராதியின் அதே தொகுதியில் பார்த்தேன். ‘ஒருவரைத் தேடி வந்தால் காணக்கூடிய இடம்’ என்று இருக்கிறது. யார் எழுதியது என்று பார்த்தேன். நான்தான்.

மார்ச் 22, புதன்

ஒன்பது நாள் இருக்கிறது. ஒரு சொல் அகராதியில் இல்லாமல் போவதால் உலகம் நின்றுவிடாது. எத்தனையோ சொற்கள் பெட்டியில் கிடக்கின்றன. அந்த அட்டையில் இந்த வீட்டுக் கதவு எண் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.

மார்ச் 23, வியாழன்

காலையில் பல் துலக்கும்போது மேல்தளத்தில் விழுந்த விரிசலைப் பார்த்தேன். போன ஆண்டு பூசிய பூச்சுக்குள்ளிருந்தே வந்திருக்கிறது. வாய் தானாக அந்தச் சொல்லைச் சொன்னது. வீட்டில் யாரும் இல்லாததால் சத்தம் சற்றுப் பெரிதாகக் கேட்டது.

ஞாயிறு மன்னார்குடி போகிறேன்.

மார்ச் 26, ஞாயிறு

ஒன்பது மணிப் பேருந்து. பத்தேகாலுக்கு மன்னார்குடி. வீடு தெப்பக்குளத்துக்குத் தென்கரையில், மாடி. இதற்கு முன் ஒருமுறை தெருமுனை வரை வந்திருக்கிறேன், அது ஆகஸ்டில்.

கதவைத் திறந்தவள் ஆச்சரியப்படவில்லை. “வாங்க” என்றாள். கண்ணாடி போடவில்லை. குளத்துக் காற்று வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. சொந்தக்காரர் சொன்னது சரிதான். சுவரில் ஒரு கரும்பலகை மாட்டியிருக்கிறாள். மாலையில் அக்கம்பக்கத்துப் பெண்களுக்குக் கணக்குச் சொல்லித்தருகிறாளாம். எனக்குக் காபி போட்டாள். தான் குடித்துவிட்டதாகச் சொன்னாள். பிறகு என் சட்டைப் பையைப் பார்த்தாள்.

“அட்டை கொண்டாந்திருக்கீங்களா?”

மூன்று என்றேன்.

முதல் அட்டையை வாங்கி, எடுத்துக்காட்டு வாக்கியத்தைச் சத்தமில்லாமல் படித்தாள். உதடு மட்டும் அசைந்தது.

“தேதி போட்டிருக்கீங்க.”

விதி என்றேன்.

“அன்னைக்கு நான் பெட்டிய உள்ள வச்சிட்டு அந்தப் பிரம்பு நாற்காலில உக்காந்தேன். திரும்ப வந்துட்டேன், ஆனா இது மேச்சாத்துதான், தெரிஞ்சுக்குங்கன்னு சொன்னேன். நீங்க சட்டுனு எந்திரிச்சு உள்ள போனீங்க. தண்ணி எடுத்தாரப் போறீங்கன்னு நெனச்சேன்.”

உடனே எழுதாவிட்டால் மறந்துவிடும் என்பதால் அட்டை எடுக்கப் போனேன் என்றேன்.

“எதுங்க மறந்துரும்?”

அவள் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. அட்டையைத் திருப்பிப் பார்த்து, இப்போது என்ன வேண்டும் என்று கேட்டாள். விதி 14-ஐச் சொன்னேன். கணக்கு ஆசிரியை, பாதியிலேயே பிடித்துக்கொண்டாள்.

“ஒரே வீடுன்னா ரெண்டு பேரும் ஒருத்தர். அப்ப நான் ஒங்க வீட்டுலயே இருக்கேன்னு வச்சா வார்த்த வராது. இந்த வீட்டு நம்பர எழுதுனா வந்துரும்.”

ஆமாம் என்றேன்.

“எட்டுத் தெருவுக்கும் என்ன சொல்லிவச்சிருக்கீங்க?”

கண் என்றேன்.

“ஒரு கண்ணா, ரெண்டு கண்ணா?”

இப்போது இரண்டாவது என்றேன். சிரித்தாள். முப்பத்தைந்து ஆண்டில் நான் சொன்னவற்றில் எதற்குச் சிரிப்பாள் என்று நான் ஒருமுறைகூடச் சரியாகக் கணித்ததில்லை. சிரித்து முடித்துவிட்டு அட்டையை என் பக்கம் நகர்த்தினாள்.

“ஒங்களுக்கு எது வேணும்?”

வினா சற்றுப் பரந்ததாக இருந்தது. பேனாவை மூடி கழற்றி அவளிடம் கொடுத்தேன்.

அவள் உடனே எழுதவில்லை. பேனாவைப் பிடித்துக்கொண்டு அட்டைகளிலிருந்த விளக்கத்தைப் படித்தாள். இருமுறைக்கு மேல் செய்யலாகாது என்ற வரி வந்ததும், யார் சொன்னது என்றாள். கலியமூர்த்தி என்றேன். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார் என்றாள். அறவாழியின் நாற்பது வரியையும் காட்டினேன். இரண்டு வரி படித்தாள். “மேல சாத்துறதால மேச்சாத்து. இதுக்கு எதுக்குங்க கோயிலு?” என்றாள். பிறகு முகவரிப் பத்தியில் இந்த வீட்டு எண்ணை எழுதினாள், தெருவை எழுதினாள், கீழே கையெழுத்துப் போட்டாள். கரும்பலகையில் எழுதும் அதே கையெழுத்து. ஒரு எழுத்தும் சாயவில்லை.

கிளம்பும்போது மாடிப்படியில் நின்று கேட்டேன். மூன்றாவது தடவை பிரித்துவிட்டுத்தானே வேய வேண்டும், பிரித்ததும் உடனே வேய்ந்துவிடலாமா என்று.

“அது எப்புடி. வருஷக்கணக்கா இருட்டுல கெடந்த மரம். வெயில்ல காயணும். எது உளுத்திருக்கு, எது தாங்கும்னு தட்டிப் பாக்கணும். அதுக்கப்புறம்தான் மறுபடி வேயறதா வேண்டாமான்னே தெரியும்.”

மரம் அப்படி வெயிலில் கிடக்கும் நாட்களுக்கு ஊரில் ஏதாவது பெயர் உண்டா என்று கேட்டேன். கை பைக்குள் போய்விட்டது. அவள் என் கையைப் பார்த்தாள்.

“எல்லாத்துக்கும் பேரு வேணுமா?”

கையை வெளியே எடுத்தேன். அட்டை இல்லாமல்.

எத்தனை நாள் ஆகும் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பேருந்தில் உட்கார்ந்த பிறகுதான் தோன்றியது.

மார்ச் 27, திங்கள்

பிரிசில்லா புதிய முகவரியைத் தட்டச்சு செய்தாள். மன்னார்குடி என்று அடித்ததும் ஒரு கணம் விரல் நின்றது. என்னைப் பார்க்கவில்லை. மீதியையும் அடித்து முடித்தாள். திரையில் பச்சை நிறத்தில் வந்தது: ‘மூன்று தகவலாளிகள், மூன்று வீடுகள். ஏற்கப்பட்டது.’

பிறகு எழுந்து போய், எனக்கும் ஒரு டீ கொண்டுவந்து வைத்தாள். வழக்கமாக நான்தான் போய் எடுத்துக்கொள்வேன்.

மார்ச் 31, வெள்ளி

தொகுதி போய்விட்டது. அறவாழி பேசினார். இழுப்பறையிலிருந்த பட்டியலைக் கிழித்துவிட்டு, மேச்சாத்து நீங்கலாகப் புதிதாக எழுதிக் கொடுத்தேன். பெட்டிக்குள் போனவை ஆறு சொற்கள்.

ஏப்ரல் 2, ஞாயிறு

பால்காரரிடம் நாளை முதல் ஒரு பாக்கெட் போதும் என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. அவருக்கு ஜூன் மாதமே தெரிந்திருக்கும். தினமும் தயிர்ப் பாத்திரத்தைப் பார்க்கிறவர்.

மாலையில் சுபேதார் வழக்கம்போல் வாசலில் நின்று, அம்மா எப்போது வருகிறார்கள் என்றார். தையல் மன்னார்குடியில் தனியாக வீடு எடுத்து இருக்கிறாள், எப்போது என்று தெரியாது என்றேன். அப்படியானால் கண்ணுக்கு என்ன என்று கேட்டார்.

கண்ணுக்கு ஒன்றுமில்லை, அவளுக்கு எப்போதுமே நன்றாகத்தான் தெரிந்தது என்றேன்.